பழனிச்சாமி மாமா சொல்லாமல் விட்ட ‘உஸ்’

மேலேயே பார்த்துக்கொண்டு நடந்து சாக்கடையில் கால் விட்ட என் அன்பு அப்பாவுக்கு,

பழனிச்சாமி மாமாவை அழவைத்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற சேதியெல்லாம் பிறகு. நாலு பேர் பார்க்க, நட்ட நடு மைதானத்தில், பட்டப்பகலில் அழவைத்தேன். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

உங்களுக்கு இது பிடிக்காது. “அவன் எனக்குக் கூடப் பொறக்காத தம்பி, அவனப் போயி இப்பிடிப் பண்ணலாமா கண்ணு” என்று ஆரம்பிப்பீர்கள். ஆரம்பியுங்கள். நீங்கள் இருந்தவரை உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. இப்போது தட்டுகிறேன். வந்து கேளுங்களேன், பார்ப்போம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான். ஆட்டோ பிடித்துப் போ என்றால் கேட்காமல் கோயிலுக்கு நடந்தே போகிறாள். மொட்டை மாடியில் நீங்கள் படுத்துக்கொண்டு ஆகாயம் பார்த்த கயிற்றுக் கட்டிலில் இப்போது மிளகாய் காய்கிறது. விமானச் சத்தம் கேட்டால் மட்டும் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். இத்தனை காலம் போத்தனூரில் ரயில் சத்தத்துக்கு நடுவில் தூங்கியவளுக்கு அந்த ஒரு சத்தம் மட்டும் ஆகவில்லை.

மாமா மாதம் தவறாமல் அன்னூரிலிருந்து வருகிறார். தோட்டத்து வாழைத்தார் ஒன்றை வாசலில் வைத்துவிட்டு, அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார். அம்மா அந்தத் தாரைத் தெரு முழுக்கப் பங்கு வைக்கிறாள். நான் ஒரு பழம் தொட்டதில்லை. 

ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பது எங்கள் எல்லோரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் அன்று கம்பெனியில் இருந்தேன். எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன், ஒத்துப்போகிறதா பாருங்கள்.

போன வருஷம், பழைய போர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டிய அன்று, ஊருக்குக் கிழக்கே அந்த ஓடுதளத்தின் ஓரமாக உங்கள் கூட்டாளிகளோடு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு ஒரு பக்கம் பழனிச்சாமி மாமா, இன்னொரு பக்கம் பல் டாக்டர் ஸ்டெல்லா அக்கா. இரட்டை இறக்கை வைத்த டைகர் மாத் பறந்து முடித்து இறங்கிவிட்டது. உங்களுக்குப் பிடித்த ஹார்வர்ட் விமானம் ஏறியிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, காது கிழிகிற மாதிரிக் கத்திக்கொண்டு போகுமே, அது. அதைப் பயிற்சி விமானம்தானே என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டதற்கு எப்படிக் கோபித்துக்கொண்டீர்கள்! “சண்டைக்குப் போனவனுக்கெல்லாம் பறக்கக் கத்துக்குடுத்ததே இதுதான்” என்றீர்கள்.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விமானம் மேலே இருக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, யாரும் கீழே பார்க்கக் கூடாது. மீறினால் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும். ஸ்டெல்லா அக்கா ஒரு தடவை தும்மிவிட்டுத் தண்டம் கட்டியதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சட்டம் போட்டதும் நீங்கள்தான். பெரிய மனிதர்கள் விளையாடுகிற விளையாட்டு என்று நாங்களும் சிரித்தோம்.

ஹார்வர்ட் ஓடுதளத்தின் கோடிக்குப் போய்த் திரும்புகிற நேரம். சத்தம் தேய்ந்து, அது மலைப் பக்கம் ஒரு மஞ்சள் புள்ளியாகி, இனி திரும்பி நேராகத் தலைக்கு மேலே வரப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிற நேரம். அப்போதுதான் நீங்கள் “பழனி, ஒரு மாதிரியா வருதுப்பா” என்றீர்கள். மாமா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் உங்கள் பக்கம் ஆட்டி, “உஸ்” என்றார்.

எல்லாச் சுற்றும் முடிந்து, விமானம் இறங்கி நின்று, கைதட்டெல்லாம் ஓய்ந்த பிறகு “பாத்தீங்களாண்ணா!” என்று திரும்பினார். நீங்கள் பார்க்கிற நிலையில் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடு தூரத்தில், தகரக் கொட்டகை நிழலில் நின்றிருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, மாமாவேதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உஸ் என்றதுவரை ஒன்றும் மறைக்காமல் சொல்லி அழுதார். அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நான்தான் அவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, முகத்தைக் கழுவச் சொன்னேன்.

“உடனே தூக்கிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்மா. பிழைச்சிருப்பாருன்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். இரண்டாவதாகச் சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். முதலில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். இன்னும் விடவில்லை.

இதோடு போயிருந்தால்கூட ஒரு நாள் மனம் ஆறியிருக்கும். யாருக்குத்தான் தவறு நேராது? ஆனால் மாமா கதை சொல்ல ஆரம்பித்தார். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னபோதே அந்த உஸ் காணாமல் போயிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து நம் பங்குக் கோயில் மண்டபத்தில் சாப்பாடு போட்டோமே, அங்கே சொன்னபோது நீங்கள் “ஒரு மாதிரியா வருது” என்று சொன்னதும் போய்விட்டது. “கொடுத்து வெச்ச சாவுங்க. ஹார்வர்ட் தலைக்கு மேல போயிட்டிருக்குது, அண்ணன் அதையே பாத்துட்டு இருக்கறாரு, அப்பிடியே அதுகூடவே கெளம்பிப் போயிட்டாருங்க.” கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மாகூட. நம் சாமியார் அதைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் வேறு சேர்த்துக்கொண்டார்.

நான் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியே அவர் தலையில் கவிழ்க்கலாம் போல் இருந்தது. சூடு ஆறியிருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

என்னப்பா, கோபம் வராதா? நீங்கள் உதவி கேட்டீர்கள். அதைத்தான் அந்தக் கதையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார். நீங்கள் சாக விரும்பிச் செத்த மாதிரி ஆக்கிவிட்டார். அம்மாவிடம் சொன்னால், “உடு கண்ணு, அவரும் வெந்து நொந்துதான் இருக்காரு. மன்னிக்கச் சொல்லித்தான ஆண்டவர் சொல்லியிருக்காரு” என்கிறாள். மன்னிக்கலாம். செய்ததைச் சொல்லட்டும், மன்னிக்கிறதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம். சொல்லாததை எப்படி மன்னிப்பது?

ஆகவே, இந்த வருஷமும் அதே இடத்தில் அதே விமானங்கள் பறக்கப்போகின்றன என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்று மாமாவுக்குப் போன் செய்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாங்க அம்மணி, வாங்க! அண்ணன் எடத்துல நீங்க வரோணும். நானே வேன் கொண்டுட்டு வாரேனுங்க” என்றார். அண்ணன் இடத்தில்தான் வரப்போகிறேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கு மாதக் கணக்கில் தெரியும். பல் துலக்கும்போதுகூட அதை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கம்பெனி கேன்டீனில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய் எனக்கு நெஞ்சைத் தடவிவிட்டாள். பாருங்கள், கேன்டீனில்கூட ஆள் திரும்பிப் பார்க்கிறது.

வேனில் மாமா, ஸ்டெல்லா அக்கா, நான், அப்புறம் உங்களுக்குத் தெரியாத ஒருவர். ஈஸ்வரன் என்று பெயர், காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கூட்டத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறார். சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் மாமா அவரிடம் கதையை ஆரம்பித்துவிட்டார். கொடுத்து வைத்த சாவு. ஹார்வர்டோடு கிளம்பிப் போனது. ஈஸ்வரன் சார் ‘உச்’ கொட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “உங்கப்பா பாக்கியசாலிங்க” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்க்காமல் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த லென்ஸ் அவ்வளவு துடைக்கிற அழுக்காக இல்லை.

ஓடுதளத்து ஓரத்தில் போய் இறங்கினோம். நல்ல கூட்டம். வெயில் அப்படியொரு வெயில். மாமா நாற்காலிகளை வரிசையாக விரித்தார். தனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் நடுவில் ஒன்றை விரித்து, அதன்மேல் உங்கள் நீலத் தொப்பியை வைத்தார். அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். “இது அண்ணனுக்குங்க” என்றார் ஈஸ்வரன் சாரிடம்.

நான் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அம்மணி, அது வந்துங்க…”

“அண்ணன் எடத்துல வரோணும்னு நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க?”

 ஸ்டெல்லா அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார், மூடினார், மறுபடி திறந்து குடித்தார்.

டைகர் மாத் வந்தது, போனது. குண்டுத் தொப்பையோடு டகோட்டா விமானம் வந்தது. சட்டப்படி யாரும் பேசவில்லை. பிறகு ஹார்வர்டைக் கிளப்பினார்கள். அது இருமிப் புகை கக்கியதும் மாமாவின் கால் தானாக ஆட ஆரம்பித்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர்தான், அதன் பிறகு எடுக்கவில்லை. ஏறியது, முதல் தடவை நம் தலைக்கு மேலே போனது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. உங்களுக்கு ஏன் அதைப் பிடித்தது என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது. புரிந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

கோடிக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தது. சத்தம் தேய்ந்தது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் மேலே பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாக, காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன்.

“மாமா, எனக்கு ஒரு மாதிரியா வருதுங்க.”

ஒத்திகையில் நான் எத்தனையோ விதமாகப் பார்த்திருந்தேன். அவர் வெலவெலத்துப் போவார். கேமராவைக் கீழே போட்டுவிடுவார். இல்லை, என் மேலே சீறி விழுவார். நடந்ததை மட்டும் நான் எதிர்பார்க்கவே இல்லை, அப்பா.

அவர் கண்ணை எடுக்கவில்லை. இடது கை மட்டும் கேமராவிலிருந்து இறங்கி, உள்ளங்கை கீழே பார்க்க, என் பக்கம் ஆடியது.

“உஸ்… இருங்க, வருது.”

ஹார்வர்ட் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. கேமரா அதன் பின்னாலேயே பாதி தூரம் போய், அப்படியே நின்றுவிட்டது. விமானம் எங்கோ போய்விட்டது, அவர் மட்டும் வெறும் ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு கேமரா மெதுவாக மடிக்கு வந்தது. இன்னொரு சுற்று ஹார்வர்ட் வந்தது. மாமா நிமிரவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டு இருந்தார். உங்கள் கூட்டத்தில் விமானம் மேலே இருக்கும்போது ஒருவர் கீழே பார்த்து நான் கண்டது அதுதான்.

பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அப்பா, அவ்வளவு இனித்தது. வெயிலில் மோர் குடித்த மாதிரி உச்சந்தலை வரை குளிர்ந்தது.

விமானம் இறங்கிச் சத்தம் ஓய்ந்ததும், என்னைப் பார்க்காமலேயே கேட்டார். “இப்பிடித்தானுங்களா அம்மணி நான் அன்னைக்கும் சொன்னது?”

“நீங்கதானுங்க மாமா சொல்லோணும். நான் அங்க இல்லீங்களே.”

“இப்பிடித்தானுங்க” என்றார்.

“எனக்குத் தெரியும். இவங்களுக்குச் சொல்லுங்க.”

சொன்னார். ஈஸ்வரன் சார் பக்கம் திரும்பி, கைக்குட்டையை எடுக்கக்கூடத் தோன்றாமல், மூக்கு ஒழுகச் சொன்னார். “வண்டீல நான் சொன்னது நெசமில்லீங்க சார். ஒரு மாதிரியா வருதுன்னு அண்ணன் என்கிட்டத்தான் சொன்னாரு. உஸ்ஸுன்னு கையக் காட்டிப்போட்டனுங்க. எல்லாம் எறங்கினதுக்கப்பறந்தான் திரும்பியே பாத்தேன். திரும்பியிருந்தா… ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா…”

“எனக்கும் கேட்டுச்சு ஜெசிந்தா” என்றார் ஸ்டெல்லா அக்கா. யாரும் அவரைக் கேட்கவில்லை. “பின்னாடி யாரோ பேசறாங்கன்னு நினைச்சு இருந்துட்டேன். நினைச்சேனா, அப்படி நினைச்சுக்கிட்டேனான்னு இப்ப எனக்கே தெரியல.” பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே, அப்பா. உங்கள் சட்டம் எப்படிப்பட்ட சட்டம் பாருங்கள்.

மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஒரு வருஷமாக அவர் அழுதபோதெல்லாம் யாராவது ஒருவர் தோளில் கை வைத்தார்கள். அன்று யாரும் வைக்கவில்லை. நான் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தேன். வைக்கவில்லை.

அங்கே முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கடிதம் வெறும் வெற்றிக் கடிதமாக இருந்திருக்கும். ஈஸ்வரன் சார் வாயைத் திறந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும், கேட்கத் தோன்றியதைக் கேட்டார்.

“அப்புறம் அவரு மறுபடி கூப்பிடலீங்களா?”

மாமா தலையை ஆட்டினார். “இல்லீங்க. உஸ்ஸுன்னதும் அண்ணன் என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஓரக்கண்ணுல பட்டுது. செரின்னு தலைய ஆட்டிட்டு, மேல பாத்தாரு.”

இதை அவர் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கதவைத் திறந்து, “போயிட்டு வந்தியா கண்ணு, எப்பிடி இருந்துச்சு?” என்றாள். “நல்லா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

சரி என்று தலையை ஆட்டினீர்களா, அப்பா? நான் இத்தனை நாளும் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உஸ்ஸுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஒருத்தர் உஸ் என்றால் அடங்கிவிடுவதா? தோளைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? நாற்காலியை உதைத்திருக்கக் கூடாதா? குழம்பில் உப்பு குறைந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலாயிற்றே உங்களுக்கு. அந்தக் குரல் அன்று எங்கே போயிற்று? முடியவில்லையா? இல்லை, அது ஒரு தடவை தலைக்கு மேலே வந்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டீர்களா? அம்மா ஞாபகம் வரவில்லையா? நான் வரவில்லையா?

முடியவில்லை என்றால் சொல்லுங்கள், மாமாவோடு என் கணக்கை ஒழுங்காகத் தொடர்ந்துகொள்வேன். முடிந்தும் பேசாமல் இருந்தீர்கள் என்றால் நான் யாரை எந்த மைதானத்தில் உட்காரவைத்து அழவைப்பது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷமும் அந்த வேனில் ஏறுவேன். மாமா உங்கள் கதையைச் சொல்வார். அவர் உஸ் என்றதைச் சொல்வார், நீங்கள் சரி என்று தலையாட்டியதையும் சொல்வார். எதையாவது விட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். அழுது மூக்குச் சிந்துகிற மனிதரை எத்தனை வருஷத்துக்குத்தான் வெறுப்பது, அவரை ஒரு நாள் மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். நீங்கள் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும், அப்பா.

உங்கள் குரல் அப்படியே வாய்த்திருக்கிற, அதை அடக்கத் தெரியாத மகள்,
ஜெசிந்தா